செபமாலையின் மறுபாதி

பிரிஞ்சாங்
8 அக்டோபர் 2023

அன்பு மகள் செரீனாவுக்கு,

ஆண்டவர் உன் பக்கத்திலும், அப்பா அடுப்புப் பக்கத்திலும் நிற்கும் நேரத்தில் எழுதுவது.

நவதுறவுப் பயிற்சி முடியும்வரை கன்னியர் மடத்தில் கைபேசி கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை இப்போது அனுபவிக்கிறது. தேயிலைக் கொழுந்து லோரியை எந்த வளைவிலும் திருப்பிவிடுவேன், இந்த 'ழ'வைத் திருப்பத்தான் முடியவில்லை.

இங்கே சுகம். குளிர் மட்டும் ஜாஸ்தி. நேற்று நான் வைத்த கருவாட்டுக் குழம்பைத் தோட்டத்து நாய் மோந்து பார்த்துவிட்டு, மரியாதையாக விலகிப் போனது.

பஸ் ஏறும்போது நீ கேட்டாய்: "அம்மாவும் உசுரோட இல்ல, நானும் இங்க இல்லன்னா ஏழு மணி செபமாலைக்கு யாருப்பா மறுபாதி சொல்லுவா?" அந்தக் கவலையை விடு. நம் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் வெறும் பலகைச் சுவர்தானே. முப்பது வருஷம் அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டு மணியம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்காருகிறாள். நான் "அருள் நிறைந்த மரியாயே" என்று தொடங்கி முன்பாதியை முடித்தால், சுவருக்கு அப்பாலிருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மறுபாதி வருகிறது. உன் அம்மாவை விட வேகம். "என்னாண்ணே, தூங்கிட்டிங்களா?" என்று அதட்டல் வேறு.

ஆகவே அப்பா தனியாக இல்லை. நீ ஆண்டவரைப் பார்.

உன் அப்பா,
கிரகரி

*

பினாங்கு
5 நவம்பர் 2023

அன்பு அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மௌன நேரம் என்பது மறந்துவிட்டது. எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் நவமணி முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன். வந்த புதிதில் சிற்றாலயத்தில் முட்டி போட்டால் நினைப்பெல்லாம் நம் லயத்தில்தான். கடவுளுக்குப் பக்கத்தில் இருக்க வந்துவிட்டு, அப்பா சாப்பிட்டாரா என்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏழு மணிக்கு மணியம்மா அத்தைக்காக நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறேன். அதன்பிறகுதான் செபமே வருகிறது.

கருவாட்டை ஊற வைத்தீர்களா?

உங்கள்,
செரீனா

*

பிரிஞ்சாங்
9 ஜூன் 2024

என் மகளுக்கு,

ஊற வைக்கவில்லை. நீ எத்தனை முறை எழுதினாலும் நான் ஊற வைக்கப்போவதில்லை. நாய்க்கும் பழகிவிட்டது.

மணியம்மா விசாரித்தாள்: "பாப்பா எப்போ சிஸ்டர் ஆவும்? நானும் பஸ்ஸேறி வரட்டா?" போன வாரம் இருமல் வந்தும் ஒரு நாள் விடவில்லை. பத்து மணிகளுக்கு நடுவில் நாலு இருமல். அதையும் செபமாகச் சேர்த்து ஆண்டவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

பினாங்கு
4 ஆகஸ்ட் 2024

அப்பா,

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். கூட்டத்தில் சித்தி மகள் ஷெர்லியைப் பார்த்தேன். மணியம்மா அத்தைக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"என்ன இருமல்? நீ மடத்துக்குப் போன மறுவாரமே அவங்க மகன் லிங்கேஸ்வரன் அவங்கள திரிங்காப்புல தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான் லா. பெரியப்பா பக்கத்து வீடு பூட்டித்தான் கெடக்கு. ஒனக்குத் தெரியாதா?"

பூட்டிய வீட்டுக்கு நான் பத்து மாதம் நன்றி சொல்லியிருக்கிறேன், அப்பா.

கோபம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம்தான். என் நிம்மதி எதன்மேல் நின்றது என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் எட்டாம் தேதி வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். அதற்கு முன் வீட்டுக்குத் திரும்ப எனக்கு முழுச் சுதந்திரம் உண்டு, அதில் வெட்கம் இல்லை என்றார் சிஸ்டர் நவமணி. இந்த முறை உண்மையை எழுதுங்கள். நான் அங்கே வேண்டுமா? வேண்டும் என்று ஒரு சொல் போதும், பஸ் ஏறிவிடுவேன்.

செரீனா

*

பிரிஞ்சாங்
18 ஆகஸ்ட் 2024

என் கண்ணு செரீனா,

திட்டு வாங்க வேண்டிய வயசில்லை, வாங்கிக்கொண்டேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மணியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கூடவே சொன்னது நிஜம். உனக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பழைய நிஜத்தை எடுத்து இந்த வருஷத்துக்குச் சட்டை போட்டுவிட்டேன். உன்னை ஆண்டவர் பக்கத்தில் உட்கார வைக்கப் பொய்யைத் துணைக்குக் கூப்பிட்ட புத்திசாலி உன் அப்பா.

இன்றைக்கு நம் தோட்டத்துக் கோவிலில் மாதப் பூசை. பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். "தனியாவா பாதர்?" என்றேன். "பின்ன, மறுபடியும் மணியம்மாவையா கூப்பிடப் போறீங்க?" என்றார்.

இனிமேல் எழுதுவது சத்தியம்.

மணியம்மா போன அன்று ஏழு மணிக்கு முன்பாதியைச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தேன். மறுபாதி வரவில்லை. இரண்டு குரலிலும் நானே சொல்லிப் பார்த்தேன், நாடகக் கொட்டகை மாதிரி இருந்தது. ஒரு மாதம் செபமாலையைத் தொடவே இல்லை. மழை பெய்தால் தகரச் சத்தம், நின்றால் அதுவும் இல்லை. உன் அம்மா தட்டைக் கழுவி வைப்பேன். யாரும் சாப்பிட்டது கிடையாது.

அப்புறம் ஒருநாள் வேறு வழியில்லாமல் எடுத்தேன். என் பாதியைச் சொன்னேன். மறுபாதி நேரத்துக்குச் சும்மா இருந்தேன். நாற்பது வருஷம் செபமாலையை லோரி மாதிரித்தான் ஓட்டியிருக்கிறேன், வளைவில் ஹாரன், இறக்கத்தில் பிரேக், சோற்றுக்கு வீடு. அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்தினேன். முதலில் பயம், பிறகு அழுகை. இப்போது இரண்டும் குறைவு. எதிரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. பேசாத ஆளோடு உட்காரவும் பழக வேண்டும் போலிருக்கிறது. எனக்குப் படிப்பு போதாது, இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்டதற்கு நேர் பதில்: வேணும். ஒவ்வொரு நாளும் வேணும்.

ஆனால் வேணும் என்பது வேறு, வா என்பது வேறு. எனக்காக நீ வந்தால், நான் உன் முகத்தையும் நீ என் முகத்தையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் ஆண்டவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்போம். இங்கே அவர் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன இடம் கிடைத்திருக்கிறது. உன் இடம் எது என்று நீ பார். என் தனிமையைக் கணக்கில் சேர்க்காதே, அதை நானும் அவரும் பார்த்துக்கொள்கிறோம். நீ வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும்.

எட்டாம் தேதிக்கு முதல் நாளே தானா ராத்தாவில் பஸ் ஏறுகிறேன். நீ வேறு மாதிரி முடிவெடுத்தால் என்னோடு திரும்பி வரலாம். இல்லையென்றால், பீடத்துக்கு முன்னால் உன் பேரைக் கூப்பிடுவார்களாம், நீ "இதோ இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டுமாம். பாதர் சொன்னார். அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்மா. லோரிச் சத்தத்தில் அப்பாவுக்கு ஒரு காது மந்தம். நான் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன்.

அப்பா