கூசேன்வில் கலியாணப் பலகாரம்

20 யூன் 88, திங்கள்

மழை. யூன் மாதம் என்று பெயர், எங்கள் பலகாரக் கடைக்குள் சுவெட்டரோடு நிற்கிறேன். பல்வலி நாலாம் நாள். கராம்பு வைத்து அடக்கியிருக்கிறேன். வியாழன் பத்தரைக்கு பல் டொக்டரிடம் ரொந்தேவு, மறக்கக் கூடாது.

பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிற மாமி வந்து மகளின் கலியாணப் பலகாரத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை கலியாணம். பாரிஸில் நாள் பார்ப்பது ஐயர் இல்லை, மண்டபம் கிடைக்கிற நாள்தான் முகூர்த்தம். மாமியின் வீடு ஐந்தாம் மாடி. மூத்த மகளின் கலியாணத்துக்கு வீட்டிலேயே தாச்சி வைத்து, எண்ணெய் மணத்துக்குப் பக்கத்து மதாம் சண்டைக்கே வந்துவிட்டாளாம். ஆகவே இந்தமுறை பலகாரம் சுடுவது எங்கள் கடையின் கீழறையில்.

அரியதரம் 400
பயற்றம் பணியாரம் 400
முறுக்கு 300
லட்டு 250
சிப்பிப் பலகாரம் 5 கிலோ

வாங்க: சீனி 2 மூட்டை, நெய், தேங்காய்ப்பூ, ஏலக்காய். பெரிய எண்ணெய் வடி பழசு, வலை கிழிந்துவிட்டது. புதிது.

மாமி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "பிள்ளை, துடக்குக்காரர் ஆரும் கை வைச்சிடக் கூடாது. மூத்தவளின்ரை பலகாரத்துக்கு ஒருத்தி செத்தவீட்டுத் துடக்கோடை வந்து மா குழைச்சவள். பிறகுதான் தெரியும். மருமோன் ஒரு வருசம் உயிரோடை இருக்கேல்லை." கண் கலங்கிவிட்டது அவருக்கு. சாவு விழுந்த வீட்டார் முப்பத்தொரு நாள் நல்ல காரியத்தில் கை வைப்பதில்லை, அது எங்களுக்குத் தெரியாததா? "பயப்பிடாதேங்கோ மாமி, எங்கடை பரமு ஒருத்தன்தான் தாச்சியிலை நிப்பான்" என்றேன்.

பரமு நல்ல உசார். எங்களோடு இரண்டு வருடம். அதற்கு முன் கொழும்பில் மிட்டாய்க் கடையில் பதினொரு வருடம். பாகுப் பதம் அவன் கையில் பிழைத்ததே இல்லை. அகதிக் கேஸ்தான் இன்னும் இழுபடுகிறது. அவனுடைய அம்மா கண் காட்ட யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு, தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கிறாவாம். "கீழ் வீட்டிலை போன் இருக்கு அக்கா. இந்தக் கலியாண வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஆறுதலாய்க் கதைக்கப்போறன். ரெண்டு வருசமாய்க் குரல் கேக்கேல்லை."

21 செவ்வாய்

வெயில். இன்று ஊரெல்லாம் பாட்டு நாளாம். மெட்ரோ வாசலில் தாடிக்கார வெள்ளையன் ஒருவன் காலையிலேயே மேளத்தை அவிழ்த்துவிட்டான்.

மத்தியானம் இரண்டரைக்குக் கொழும்பிலிருந்து போன். இவர் எடுத்தார். பரமு கீழே அரியதரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான். பேசியது அவன் தங்கச்சி தவம். அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு, அண்ணையை ஒருக்கா போன் எடுக்கச் சொல்லுங்கோ. அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

இவர் என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கிவிட்டது. எங்கள் சனம் போனில் சாவைச் சாவென்று சொல்லாது. ஏலாது என்பார்கள், காய்ச்சல் என்பார்கள், ஒருக்கா எடுங்கோ என்பார்கள். எடுத்த பிறகுதான் மெல்ல மெல்ல. இவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அப்பருக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தபோது அங்கே சாம்பலும் அள்ளி முடிந்திருந்தது.

"மனிசி போட்டுது" என்றார் இவர்.

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் இந்த நிமிசத்திலை இருந்து அவனுக்குத் துடக்கு. நாளைக்குக் காலமை தாச்சி வைக்க ஆர் இருக்கினம்? நீரோ?"

என் அரியதரம் எண்ணெயில் இறங்கினால் கரைந்து காணாமல் போய்விடும். அது ஊரறிந்த விசயம்.

"அவன் அறிஞ்சும் என்ன செய்யிறது? பேப்பர் இல்லாமல் போகேலுமோ? செத்தவீடும் முடிஞ்சிருக்கும். காதிலை விழாத சாவுக்குத் துடக்கில்லை. அந்த மாமியையும் யோசியும். ஞாயிற்றுக்கிழமை நானே இருத்தி வைச்சுச் சொல்லுறன்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நானும் சரி என்றேன். இதை எழுதி வைக்கிறேன். பிறகு எல்லாவற்றையும் இவர் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக நிற்கக் கூடாது.

பின்னேரம் பரமு மேலே வந்து கோப்பைத் தண்ணீருக்குள் பாகுத்துளியைக் காட்டினான். உருண்டு நின்றது. "எப்பிடி அக்கா?" நல்லாயிருக்கு என்றேன். "ஏன் முகம் ஒருமாதிரிக் கிடக்கு?" பல்வலி என்றேன்.

22 புதன்

காலை 8.10 நல்ல நேரம். மாமி முதல் ரயிலில் வந்துவிட்டார். குத்துவிளக்கு, மஞ்சள் பிள்ளையார், கீழறை முழுக்க ஊதுபத்திப் புகை. மாமிதான் கரண்டியை எடுத்து பரமுவிடம் கொடுத்தார். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மாளாச்சி, குறையில்லாமல் முடிச்சுத் தா" என்று முதலாவது அரியதரத்தை எண்ணெயில் விட்டான். பூப்போலப் பொங்கி வந்தது. மாமிக்கு முகம் எல்லாம் சிரிப்பு. "கைராசிக்காரன் தம்பி நீ!" நான் சாமான் எடுக்கப் போவது போல மேலே ஓடிவிட்டேன்.

பத்து மணிக்கு இரண்டாம் மாடி மதாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள், மணமாம். இரண்டு பயற்றம் பணியாரம் கொடுத்தேன். மெல்லத் தின்றுவிட்டு மெர்சி சொல்லிப் போய்விட்டாள். மணத்துக்கு மருந்து அதுதான்.

மத்தியானம் பரமுவுக்கு மட்டும் தனியாகக் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தேன், அவனுக்கு விருப்பம். "என்ன அக்கா, எனக்கோ கலியாணம்?" என்று சிரித்தான். பிறகு அம்மாவைப் பற்றி ஒரே கதை. கண் ஒபரேசன் செய்தால், மகன் அனுப்பிய படங்களைப் பார்ப்பாவாம். இவர் பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினார்.

இன்று முடிந்தது: அரியதரம் 400, பணியாரம் 180.

23 வியாழன்

ரொந்தேவு தவறிப்போனது. பல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டரைக்குத் திரும்பவும் போன். நான்தான் எடுத்தேன். தவம். என் குரலே எனக்குத் திரும்பி வந்து கேட்கிற லைன். "அக்கா, அண்ணையிட்டைச் சொல்லிட்டீங்களோ? இன்னும் எடுக்கேல்லை."

அம்மா இருக்கிறாவோ என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். எந்த வாயால் கேட்பது? இருந்தால், எப்போது சாவா என்று கேட்டது போல. இல்லாவிட்டால், அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்லவைத்துப் பார்த்தது போல. "வேலை கூடிப்போச்சுது பிள்ளை. சொல்லுறம்" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. தவம் அழவில்லை. செத்தவீட்டுக் குரல் மாதிரி இல்லை.

இவரிடம் சொன்னேன். "மூண்டாம் நாள் ஆருக்கு அழக் கண்ணீர் மிச்சம் கிடக்கும்?" என்றார். "எடுத்துக் கேப்பமே?" என்றேன். "நம்பர் எங்கை? பரமுவின்ரை கொப்பியிலைதான் கிடக்கு. என்னெண்டு சொல்லி வாங்குறது?" என்றார். இருவருமாகக் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பாண்டிச்சேரிக்காரர் வந்து மிக்சர் கால் கிலோ கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன்.

முறுக்கு முடிந்தது. பணியாரம் முடிந்தது.

24 வெள்ளி

லட்டு. பெட்டி கட்டல். சிப்பிக்குச் சீனிப்பாகு போட்டு ஆறவைத்தது. பரமு பழைய பாட்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறான், இரண்டாவது வரி அவனுக்குத் தெரியாது.

இரண்டரைக்குப் போன் பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

25 சனி

கலியாணம். நல்ல வெயில். நானூறு சனம். மாமி பரமுவுக்குப் புது வேட்டி கொடுத்தார். அதை அங்கேயே உடுத்து, பலகாரத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுப்பித்தான். அம்மாவுக்கு அனுப்ப. படம் எடுத்தவன் "சிரியுங்கோ அண்ணை" என்று சொல்லத் தேவையே இருக்கவில்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் என்று சொன்னேன். இந்த ஒரு பல்லை வைத்து எத்தனை பொய்.

26 ஞாயிறு

காலை பத்து மணிக்கு இவர் பரமுவைக் கீழறைக்குக் கூட்டிப்போய்ச் சீனி மூட்டைமேல் இருத்தினார். நானும் போனேன். "தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள். அம்மா மோசம் போட்டா. செவ்வாய்க்கிழமை போன் வந்தது."

அவன் முதலில் அழவில்லை. விரலை மடித்து நாள் எண்ணினான். ஆறாம் நாள். பிறகு புது வேட்டியின் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதான், சத்தம் வெளியே வராமல். மேலே கடையில் சனம் நின்றது. இவர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதார். நடிப்பு இல்லை.

கொஞ்ச நேரத்தால் பரமு எழும்பினான். "நான் ஒரே பொடியன் அக்கா. ஆர் கொள்ளி வைச்சது எண்டு கேக்கவேணும்." மேலே வந்து கொப்பியைப் பார்த்துக் கடைப் போனில் சுழற்றினான். நாலாம் முறை லைன் கிடைத்தது. தவம்தான் எடுத்தாள்.

"தவம், அம்மாவுக்கு ஆர் கொள்ளி வைச்சது?"

அங்கே அவள் கத்தியது கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் கேட்டது. "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அம்மா இஞ்சை கிடக்கிறா!"

பிறகு அவள் சொன்னதை எல்லாம் பரமு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான், எங்களைப் பார்க்காமல். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பின்னேரம் அம்மாவைக் கதிரையோடு தூக்கிக் கீழ் வீட்டுப் போனுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். மகன் எடுப்பான் என்று விளக்கு வைத்த பிறகும் எழும்பமாட்டேன் என்று இருந்தாவாம். வெள்ளிக்கிழமை காலை வாய் இழுத்துப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது கீழ் வீட்டு விறாந்தையிலேயே கட்டில்.

"அம்மாவின்ரை காதிலை பிடி" என்றான்.

கடைக்குள் ஆறேழு பேர். பரமு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பேசினான். "அம்மா, நான் பரமு. கேக்குதோ? நான்தான் எடுக்கேல்லை அம்மா. சொன்னவை. உடனை சொன்னவை. எனக்கு வேலை. கலியாண வேலை அம்மா, விட்டிட்டு வரேலாமல் போச்சுது. கோவிக்காதேங்கோ."

உடனே சொன்னார்களாம்.

இவர் கடையை விட்டு வெளியே போய் வீதியில் நின்றார்.

மத்தியானம் கூசேன்வில் மாமி போன். எல்லாரும் அரியதரம் யார் சுட்டது என்று கேட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் மகளுக்கும் பரமுவின் கைதான் வேண்டும் என்கிறார்களாம். "உங்கடை கடையிலை குடுத்தது நல்லதாய்ப் போச்சு பிள்ளை. என்ரை நெஞ்சு இப்பதான் ஆறிச்சுது." ஓம் மாமி, ஓம் மாமி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்ல?

இவர் பின்னேரம் ஒரே ஒரு சொல் பேசினார். "நான் என்ரை அப்பரை நினைச்சன்." எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, பிறகு இரக்கம் வந்தது. செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திருப்பி வாசித்தேன். வியாழக்கிழமை எழுதியதை வாசிக்க முடியவில்லை. அந்தப் போனை எடுத்தது நான்தான். அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பேச்சு இருந்தது.

27 திங்கள்

மேகம். காலை எட்டரைக்குப் போன். இன்றைக்குத் தவத்தின் அழுகை முதலில் வந்தது, சொல் பிறகு. விடியப்புறம் நாலு மணிக்காம். அவளிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

ஒரு நிமிசம் பிந்தவில்லை. படியிறங்கிப் போனேன். பரமு கழுவின தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். "பரமு, அம்மா போட்டா. இப்பதான் தவம் எடுத்தவள்."

அழவில்லை. துடைத்த தட்டை அடுக்கின்மேல் வைத்தான். என்னை நேராகப் பார்த்தான்.

"உண்மையாவோ அக்கா?"

"ஓம் பரமு. உண்மை."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தானே எடுத்துக் கேட்க மேலே போனான்.