பின்சீட்டு யாருக்கு?

போர்ட்டிகோவில் இன்று புதுப் பெயின்ட் வாடை. உங்கள் மோட்டார் சைக்கிள் செல்லூர்ப் பட்டறையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் பார்த்தால் நம்பாமல் அதை ஒரு சுற்று சுற்றி வருவீர்கள்.

ஐம்பது வயதில் அதை வாங்கினீர்கள். தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, காலை முன்னால் நீட்டி ஓட்டும் ஒய்யாரம். "என்ன மாப்ள, பொண்ணு பாக்கவா கிளம்பிட்ட?" என்று உங்கள் நண்பர் கேட்டார். "பொண்ணு பின்னாடிதான் உக்காரப் போகுது" என்றீர்கள். வாசலில் நின்று கேலி பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கான்வென்டில் பழக்கியபடி முதுகு வளையாமல் ஏறி உட்கார்ந்தேன்.

உருண்டை விளக்கு, ஒரே நிறம், வேறொன்றும் கூடாது என்பதுதான் உங்கள் ஆசை. எனக்காக ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. முந்தானை சக்கரத்தில் சிக்காமலிருக்கச் சேலை கார்டு, ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்க ஒரு பலகை, முதுகுக்குச் சாய்மானம், காய்கறிக்குப் பெட்டி. "வண்டி குடும்பஸ்தன் ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் போனபின் நான்கு வருடம் அது உறைக்குள் நின்றது. நீங்கள் ஆசைப்பட்டபடி மாற்றித் தானே ஓட்டப்போவதாகச் சொன்னாள் நம் மகள். சம்மதித்தேன். பட்டறைக்கு நானும் போனேன். யாரோ செய்து கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. டேங்குக்கு அவர்கள் காட்டிய பளபளக்கும் கறுப்பை மறுத்துவிட்டு, மங்கிய கரும்பச்சை அடிக்கச் சொன்னேன். ஓரத்தில் இழுத்த வெள்ளைக் கோடு கோணலாக இருந்தது, அழிக்கச் சொன்னேன். பெட்டி, சாய்மானம், கார்டு எல்லாம் கழன்றன. கண் கலங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பேச்சு பின்சீட்டில் வந்து நின்றது.

"தனி சீட்டுதாம்மா இதுக்கு எடுப்பு. பின்சீட்டு வச்சா லுக்கே போயிரும்" என்றார் பட்டறைக்காரர்.

"அப்பா போனதுக்கப்புறம் நீ எந்த வண்டியிலயும் ஏறவே இல்லையேம்மா. யாருக்குச் சீட்டு?" என்றாள் மகள்.

மற்றவையெல்லாம் நான் கேட்டு வந்தவை. அந்த இடம் நான் கேட்டதல்ல. அதை மனத்தில் வைத்துத்தான் நீங்கள் வண்டியையே வாங்கினீர்கள்.

"எனக்கு" என்றேன்.

"கார்டு இல்லாம சேலையோட எப்படிம்மா உக்காருவீங்க?"

"நீங்க சீட்டைத் தைங்க. உக்கார்றது என் பாடு."

எழுபது வயதுக்கு மேல் முதன்முறையாகச் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். அளவு கொடுக்கும்போது மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று காலை இருவரும் திருவாதவூரில் இருக்கும் நம் வயலுக்குப் போனோம். நான் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். காளவாசல் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "அம்மா, கெட்டியாப் பிடிச்சுக்கங்க!" என்றார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருபக்கமாக உட்கார்ந்த காலத்தில் எனக்கு ஓரத்து வயலும் வேலியும்தான் தெரியும். எதிரே வரும் சாலை தெரியாது. அதனால் நீங்கள், "மேடு வருது", "பள்ளம்" என்று வழியெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே ஓட்டுவீர்கள். இன்று மகளின் தோளுக்கு மேல் சாலை முழுவதும் தெரிந்தது. யாரும் எனக்குச் சொல்லவேண்டிய தேவை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் காது காத்திருந்தது.

ஊர் நெருங்கியபோது நானே வாய்விட்டுச் சொன்னேன்: "பள்ளம்."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டு."