எனக்கு வராத துணி

ஆகஸ்ட் 6, செவ்வாய்
ஓபெங் இன்னும் மார்ச்சுவரியில்தான் இருக்கிறார். அடக்கச் சடங்கு இந்த மாதக் கடைசி சனிக்கிழமையாம். எங்கள் சுன்யானி ஊர் ரேடியோவில் சொன்னார்கள். அவரோடு ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தவள், ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்
அவருடைய சித்தப்பா மகள் செவா என் தையல் கடைக்கு வந்தாள். பொட்டலத்தில் கறுப்புத் துணி, சிவப்பு இலை போட்டது. சடங்கன்று வீட்டார் எல்லாரும் ஒரே மாதிரி கட்டப்போகும் துணி; அவர் வீட்டிலிருந்துதான் ஒவ்வொருவருக்கும் கொடுத்தனுப்புவார்கள்.
"ரவிக்கைக் கை கொஞ்சம் புடைப்பா வெச்சுடுக்கா. உன்னுது தெச்சாச்சா?"
"இன்னும் இல்ல" என்றேன். வரவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 13
வரும். அவ்வளவு கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வருமா?

ஆகஸ்ட் 21, புதன்
வாசலில் அவர் தங்கை அக்கியா, கையில் பையோடு. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. பை காலி.
"அண்ணனோட கோடு போட்ட அங்கி இருக்குமே? கிடத்தும்போது அதைப் போடணும்னு அம்மா சொல்றாங்க."
"எனக்குத் துணி?"
"அண்ணி—" என்று ஆரம்பித்து விழுங்கினாள். "மது பாட்டிலோட உங்கப்பா வீட்டுக்குப் பொண்ணு கேட்டு யாரும் வரலையே. முறைப்படி நீங்க எங்க வீட்டுப் பொண்ணு இல்லன்னு அம்மா சொல்றாங்க. அவங்ககிட்ட யார் பேசுறது?"
அங்கியை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்? கசங்கினதைப் போட்டுக்கிட்டு அவர் கிடக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி
வரவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்
சனிக்கிழமை என் பழைய கறுப்பைக் கட்டிக்கொண்டு போனேன். பந்தலில் வீட்டார் வரிசை முழுக்க ஒரே இலை. அதில் பாதி நான் தைத்தது. துக்கத்துக்கு வந்தவர்களோடு வரிசையில் நின்று, உட்கார்ந்திருந்த வீட்டாருக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே வந்தேன். அக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தது அவர் அம்மா. ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
கை கொடுத்தேன். அம்மா கையை விடவில்லை. பின்னால் வரிசை தேங்கியது.
"எங்க போற? உக்காரு."
"எனக்குத் துணி இல்லையேம்மா."
"எனக்குக் கண்ணு தெரியுது. உக்காருங்கறேன். அக்கியா, தள்ளுடி."
உட்கார்ந்தேன். அடுத்து வந்தவர் அம்மாவுக்குக் கை கொடுத்தார். பிறகு எனக்கும் கொடுத்து, "மனசைத் தேத்திக்கம்மா" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் கொடுத்தார். சாயங்காலம்வரை ஊரே வந்தது.
இன்று கடை திறக்கவில்லை. வலது கை வலிக்கிறது. கத்தரி பிடிக்க முடியவில்லை.