டிரா போதும் என்றார்கள்

மார்ச் 3
இன்றும் தோல்வி. மூன்று கோல். மூன்றையும் மாப்பிள்ளை நின்று வேடிக்கை பார்த்தார். மூன்றாம் பிரிவுக் கால்பந்தில் கோல்கீப்பர் என்றால் வலையிலிருந்து பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறவர்.

மகள் பேனாவை வைத்துவிட்டாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்வேன், அவள் எழுதுவாள். அவள் புருஷனைத் திட்டினாலும் ஒரு சொல் விடக் கூடாது என்று பேச்சு. எழுது, தாயே.

மார்ச் 12
கிளப் முதலாளி செங்கல் சூளைக்காரர். கிளப்பை வாங்கியதும் செய்த முதல் காரியம், சட்டை முதுகில் தன் படத்தை அச்சடித்தது. எவன் ஓடினாலும் இவர் மூஞ்சிதான் வியர்க்கிறது.

லீக்கிலிருந்து ஓர் ஆள் இன்று மைதானத்தைப் பார்க்க வந்தார். இருக்கைக்குச் சாய்மானம் இருந்தால்தான் அனுமதியாம். இவர் சிமெண்டுப் படியில் சாய்மானத்தை நீலப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். வந்தவர் வாசலில் நின்றபடியே பார்த்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டார்.

"ஒரு தடவ சாஞ்சு பாருங்க சார்" என்றேன்.

"பெரியவரே, உங்ககிட்ட டிக்கெட் இருக்கா?"

மார்ச் 20
இரவல் பையன்களில் உருப்படியான ஒருவனை மேல் பிரிவுக் கிளப் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இங்கே பாதி அணி இரவல்தான். அடிபட்டுப் பழகட்டும் என்று அனுப்புவார்கள். தேறினால் பிடுங்கிக்கொள்வார்கள், தேறாதவன் நம் தலையில். மிச்சம் இருப்பவனுக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"நல்ல மனசுப்பா அவனுக்கு" என்கிறாள் மகள்.

மனசை வைத்து கார்னர் அடிக்கச் சொல்.

ஏப்ரல் 9
ஜெயித்தோம். எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு.

ஏப்ரல் 24
மில் அணிக்காரர்களிடம் மறுபடியும் உதை. இந்த வருடம் அவர்களோடு மோதிய இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. கடைசி இடத்துக்கு இப்போது எங்களுக்கும் அவர்களுக்கும்தான் போட்டி. கடைசியாக முடிக்கிறவன் நான்காம் பிரிவுக்குப் போவான். அங்கே சம்பளம் கிடையாது. சட்டையும் பஸ் கட்டணமும்தான்.

மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலு வயது. அணி கீழே இறங்கினால் அடுத்த வருட ஒப்பந்தம் ரத்து. அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் மகளும் அவரும் ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். இங்கே என் இரண்டு அறைக்கு நடுவே ஒரு திரை. நான் இருமினால் அங்கே தூக்கம் கலைகிறது. போகட்டும், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

மே 7
நாளை கடைசி ஆட்டம். கிளப் செயலாளர் வீட்டுக்கே வந்தார். முதலாளியின் மச்சான் என்பதுதான் அவர் படிப்பு.

"நாம ரெண்டு புள்ளி முன்னாடி. நாம டிரா பண்ணி ஒரு புள்ளி எடுத்து, மில்காரன் ஜெயிச்சு மூணு எடுத்தாலும் சமம்தான். நம்ம கோல் கணக்கு அவனவிட நல்லாருக்கு. டிரா போதும் மாப்ள, பந்த உன் மடியிலயே வெச்சுக்க."

"ஜெயிச்சா கை கடிச்சுருமா?" என்றேன்.

"சும்மா இருங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. பத்து வருடத்தில் முதல் முறை.

மே 8
ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் கொஞ்ச நேரம். மில்காரர்கள் அங்கே ஜெயித்துவிட்டார்கள் என்று போனில் சேதி வந்தது. கோச் உள்ளங்கையைக் காட்டினார் — மெதுவா, மெதுவா. எதிரணிக்கு இழக்க ஒன்றுமில்லை. அவர்கள் மனதால் பஸ் ஏறியாயிற்று. நம் ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு போகிறான். முன்னால் கீப்பர் மட்டும். அடிடா! அவன் திரும்பி, பந்தை மூலைக் கொடிக்குக் கொண்டுபோய் அதற்குக் காவல் நிற்கிறான். மாப்பிள்ளையோ பந்தைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு படுத்தே கிடந்தார். நேரம் கடத்தியதற்கு மஞ்சள் அட்டை வேறு.

விசில். முதலாளியைத் தோளில் தூக்கினார்கள். நானும் கை தட்டினேன் — எழுதிக்கொள்.

அப்போதுதான் லீக் ஆள் இறங்கி வந்தார். "புள்ளி சமமானா, அந்த ரெண்டு டீமும் மோதின ஆட்டத்ததான் முதல்ல பாப்போம். ரெண்டுலயும் அவங்க ஜெயிச்சிருக்காங்க. நீங்க கீழ போறீங்க."

"கோல் கணக்கு?" என்றார் செயலாளர்.

"அது மேல் பிரிவுல சார்."

தொலைக்காட்சியில் பார்த்த லீக்கின் விதியை வைத்து நம் லீக்கை ஆடியிருக்கிறார்கள். ஒரு வருடம் முழுக்க! தூக்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முதலாளி மட்டும் ஒற்றைத் தோளில் தொங்கியபடி இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

மே 9
மாடி வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

மே 30
செயலாளர் வந்தார். நான்காம் பிரிவில் மாப்பிள்ளை ஆட வேண்டுமாம். "முதலாளி அண்ணன் பாசமா கேக்கறாரு."

"பாசத்தயும் பெயிண்ட்ல வரைஞ்சுரச் சொல்லு" என்றேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு பார்சல் கிடங்கில் வேலை கேட்கப் போனார்.

ஜூன் 21
மகளுக்கு மருந்துக்கடையில் மாலை வேலை. இன்று எழுதுவது மாப்பிள்ளை. ஒவ்வொரு எழுத்தையும் படுத்து உருண்டு எழுதுகிறார். நேரம் கடத்தித்தானே பழக்கம். இதை எழுதினீர்களா என்று கேட்டேன்.

"எழுதிட்டேன் மாமா."

திட்ட நிறைய வைத்திருந்தேன். மூட்டை தூக்கி விரல்கள் வீங்கியிருந்தன. பேனா நேராக நிற்கவில்லை.

"ஒரு மழை ஆட்டம்" என்றேன். "ரெண்டு பெனால்டி. முதல்ல இடது பக்கம் பாஞ்சு தட்டுனீங்க. அடுத்ததுக்கு அசையாம நின்னு நெஞ்சுல வாங்குனீங்க. எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது கல்யாணத்துக்கு முன்னாடி மாமா. நீங்க எங்க வந்தீங்க அங்க?"

"பொண்ணு கேட்டு வந்தவன் எப்படின்னு பாக்க வந்தேன். கம்பிக்கு வெளிய நின்னேன். நனைஞ்சு போனேன். அதையும் எழுதுங்க."