வடிவின் இடுப்புச் சாவி

நாள் 203. நேரம் 07.10

மனிதகுலத்துக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நிலவின் மறுபக்கம், தென் நிலையத்தின் கடைசி மாங்காய் ஊறுகாய்ப் பாக்கெட் இன்று காலை காலமானது. தயிர்சாதம் அநாதையானது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செழியன், வயது பதினெட்டு. பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சியும் வெகுசனப் பண்பாடும் படிக்கிறேன். "டிவி பார்க்க ஒரு பட்டமா?" என்று கேட்காத சித்தப்பா இல்லை. ஆமாம் சித்தப்பா. அதுவும் நிலவில் உட்கார்ந்து.

பூமியிலிருந்த பழைய பதிவுகள் தீயில் போய்விட்டன. அந்தக் கால ஒளிபரப்பு அலைகள் மட்டும் தொலைதூரத் தூசு முகில் ஒன்றில் மோதித் திரும்பி வருகின்றன. ஒரே தடவைதான் வரும். பிடித்தால் உண்டு.

வட நிலையத்தில் தூத்துக்குடி ரோஸ்லின். அவளுக்குக் கிடைத்தது, முந்தைய மாணவர்கள் பிடித்துவந்த 'வடிவு இல்லம்' தொடர். கதாநாயகி வடிவு முதல் எபிசோடிலிருந்தே இடுப்பில் ஒரு சாவியைச் செருகியிருக்கிறாள். அது எந்தக் கதவுக்கு? ஆயிரத்துச் சொச்சம் எபிசோடாக வாயே திறக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது வேறொரு சேனலின் விளம்பரங்கள். இதுவரை சலவைத்தூள் மட்டும் 3,016.

இருந்தாலும் என் அலைவாங்கி ஒரு நொடியைக்கூடத் தவறவிட்டதில்லை. கல்வெட்டில் பொறிக்கவும்.

நாள் 209. நேரம் 11.45

பூமியிலிருந்து பேராசிரியர் வகிதாவின் செய்தி: "ரோஸ்லின் சாவியப் பத்தி அனுப்பின குறிப்பைப் படிச்சேன். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. செழியன், உன்னோடதையும் படிச்சேன்பா. எழுத்துப்பிழை குறைஞ்சிருக்கு."

சலவைத்தூளுக்கு யார் அழுவார்கள்? வெங்காய விளம்பரமாவது கொடுத்திருக்கலாம்.

பொறாமை இல்லை. வயிற்றில் எரிவது ஊறுகாய்ப் பிரிவு.

நாள் 214. நேரம் 10.20

ரோஸ்லினின் செய்தி: "ஏலே செழியா, என் அலைவாங்கித் தட்டு திரும்ப மாட்டேங்குலே. மோட்டார்ல தூசி. நான் வெளிய போயி சரி பண்ணுதேன். இன்னைக்கு எபிசோட் 1117 மட்டும் நீ பிடிச்சு அனுப்பிரு. இருபத்திரண்டே நிமிஷம். மறந்துராதலே."

"உங்கள் சித்தம் மேடம்" என்று பதில் அனுப்பினேன்.

நாள் 214. நேரம் 14.05

வரலாற்றுச் சாதனை. நடிகையை மாற்றினால் தொடரில் ஓர் அட்டை போடுவார்களே, அப்படி ஒன்று தயாரித்தேன்: 'வடிவுக்குப் பதில் இனி இவர்.' கீழே என் முகம். நெற்றியில் பொட்டு, தலையில் துண்டு, காதில் இரண்டு திருகாணி. தொடர்ந்து இருபத்திரண்டு நிமிடம் நானே வடிவு. எபிசோட் நேரத்தில் என் தட்டை முகிலிலிருந்து செயற்கைக்கோள் பக்கம் திருப்பி, நேரே அவள் பதிவுக்கருவிக்கு அனுப்பினேன். பெயர்: 1117.

அசல் போனால் போகட்டும். வடிவு ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்க மூன்று நாள் ஆகும். நாளைக்கு 1118இன் தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் போடுவார்கள். தொடருக்கு 1,120 எபிசோட் என்று பழைய நிகழ்ச்சிப் பட்டியலே சொல்கிறது. மூன்று வருடத் தொலைக்காட்சிப் படிப்பை முதல் வருடத்திலேயே முடித்த மூளை இது.

நாள் 215. நேரம் 13.31

அவள் தட்டு சரியாகிவிட்டது. நானும் ஆசைக்கு முகில் பக்கம் திருப்பினேன்.

முன்கதைச் சுருக்கம் வரவில்லை. வேறு தலைப்புப் பாட்டு. வேறு வீடு. புதிதாக ஒரு பெண் கோலம் போடுகிறாள். மூலையில் 'புத்தம் புதிய தொடர்'.

நேயர் குறைந்தால் சேனல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொடரை முடித்துவிடுவார்கள். முதல் பருவம், இரண்டாம் பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கினேன்.

1117தான் கடைசி.

நாள் 215. நேரம் 13.50

ரோஸ்லின்: "ஏலே, முடிச்சுட்டானுவ பாத்தியா! நல்லவேளை நீ பிடிச்ச. கடைசி எபிசோட் நம்மட்ட இருக்கு. எந்தக் கதவுன்னு சொல்லாத, சொல்லிராத, நானே பாக்கேன். வகிதா மேடத்துக்கும் நகல் அனுப்பிட்டேன், காப்பகத்துல ஏத்துறதுக்கு. ஆய்வேட்டுல உன் பேரும் போடுதேன். என் பேருக்குப் பக்கத்துல."

மூன்று முறை பதில் அடித்தேன். மூன்று முறை அழித்தேன்.

நாள் 215. நேரம் 14.02

ரோஸ்லின்: "போட்டுட்டேன். ஏதோ அட்டை வருது. வடிவுக்குப் பதில் இனி இவராம். கடைசி நாள்லயா ஆள மாத்துவான்? கூறு கெட்டவனுவ. இரு, இந்த மூஞ்சி... ஏலே?"



நாள் 215. நேரம் 14.09

கல்வெட்டு வேண்டாம். நான் தவறவிட்டது ஒரு நொடியல்ல, இருபத்திரண்டு நிமிடம். அதில்தான் எல்லாம் இருந்தது.

பொறாமை இல்லை என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். அவள் அனுப்பிய நகல்களை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். எந்தக் கதவு என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

இனி யாருக்கும் தெரியாது. காப்பகத்தில் இருக்கும் முடிவு என்னுடையது: இருபத்தோராவது நிமிடம், வடிவு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காது குடைகிறாள்.

அவளுடைய திரை ஓடுவதைக் காட்டும் விளக்கு இங்கே என் கட்டுப்பாட்டுப் பலகையில் பச்சையாகத் தெரிகிறது. இப்போது ஏழாவது நிமிடம். அவள் இன்னும் நிறுத்தவில்லை.