கையெழுத்துப் புதன்

சனி, நவம்பர் 29

மழை. மூன்றாம் நாளாக விட்டபாடில்லை. காலைப் பணி முடிந்து வந்து படுத்தேன், எழும்பும்போது வெளியில் இருட்டு.

செய்ய வேண்டியவை:
– அப்பாவின் கோட்டு, துவைக்கக் கொடுத்த கடையில் எடுக்க
– சஜியின் கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்ப
– கேக் கடைக்குப் போன்
– அம்மாவின் கண் டாக்டர் டெர்மின், குறித்த நேரத்தைப் புதனிலிருந்து மாற்ற

எல்லாம் புதனுக்காக. புதன் தம்பி சஜி கையெழுத்து வைக்கிறான். அமெரிக்கக் கல்லூரி ஒன்று, ஃபுட்போல் விளையாட அவனை எடுக்கிறது. உதைபந்து இல்லை; தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டுகிற அமெரிக்கன் ஃபுட்போல். இவன் முன்வரிசையில் நிற்பவன். பின்னால் பந்தோடு நிற்பவனிடம் யாரையும் விடாமல் மறிப்பது இவன் வேலை. படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. பதினேழு வயது என்பதால் அப்பாவும் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குத்தான் கோட்டு.

அப்பா இன்றும் கேட்டார்.
"பெப்ரவரியிலையும் வைக்கலாம் எண்டு சொன்னனி. பிறகேன் பிள்ளை இப்பிடி அந்தரப்படுறியள்?"

திரும்பவும் விளக்கினேன். பெப்ரவரித் தவணை பெயருக்குத்தான். டிசம்பரில் இந்த முன்தவணை வந்த பிறகு கல்லூரிகள் எல்லாம் புதன் தொடங்கும் அந்த மூன்று நாளிலேயே இடங்களை நிரப்பிவிடுகின்றன. பெப்ரவரிக்கு மிஞ்சுவது ஓரிரண்டு. இங்கே ஜெர்மனியில், வூப்பெர்ட்டாலில் சஜிக்குப் பயிற்சி கொடுக்கிற ஹோல்கர் சொல்வது அதைவிடச் சுருக்கம்: டிசம்பரில் இல்லையென்றால் இல்லை.

அப்பா தலையாட்டினார். நாளைக்கும் கேட்பார்.

அம்மா பெரிய சட்டியில் பிட்டு. கோடையில் அமெரிக்காவில் பயிற்சி முகாமில் இவனைப் பார்த்து, தங்கள் கல்லூரிக்கு வரக் கேட்டவர் டேல் என்ற பயிற்றுநர், முன்வரிசைக்குப் பொறுப்பானவர். இன்னும் உடம்பு வைக்கவேண்டும் என்றாராம். அன்றிலிருந்து அவிப்பதும் பொரிப்பதும்தான். சஜிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பள்ளிக்கூடக் கதிரையில் இருக்கக் கஷ்டப்படுகிறான். சொல்வதில்லை.

டேலுக்கு ஓம் சொன்ன கையோடு வேறு இரண்டு கல்லூரிகளுக்கு வேண்டாம் என்று எழுதினான். இங்கே கருவித் தொழிற்சாலையில் கிடைத்த அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி இடத்துக்கும் வேண்டாம். நான்தான் கடிதம் சரி பார்த்தேன்.

ஞாயிறு, நவம்பர் 30

முதல் அட்வென்ட், நத்தாருக்கு முந்தின நான்கு ஞாயிறில் முதலாவது. ஆஸ்பத்திரியில் என் வார்டில் ஒரு மெழுகுதிரி, மின்சாரத்தில் எரிவது. பத்தாம் அறை நோயாளி அம்மா, "அது பொய்த் திரி, ஊதினால் அணையாது" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வந்தால் சஜி குசினி நிலத்தில், சுவரில் சாய்ந்தபடி. கையில் போன்.

"அக்கா, பெரிய கோச் போயிட்டார்."

கல்லூரியின் தலைமைப் பயிற்றுநர். இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிட்டிருக்கிறது, போய்விட்டார். சஜிக்கு யாரும் சொல்லவில்லை, செய்தியில் பார்த்திருக்கிறான். கையெழுத்துக்கு மூன்று நாள் கிடக்க.

"டேல் இருக்கிறாரோ?"
"இருக்கிறார். மெசேஜ் போட்டவர். ஒண்டும் மாறேல்லையாம். பயப்பிடாதையாம்."

வழக்கமாக என்னோடு ஜெர்மனில்தான் கதைப்பான். இன்று தமிழ். அது எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கள், டிசம்பர் 1

பின்னேரம் டேல் வீடியோவில். என் போனில் எடுத்தோம், சஜியின் போனில் திரை வெடிப்பு. சிவந்த முகம், தொப்பி, பின்னால் வெறும் அலுமாரி. தூங்காத மனிதர் மாதிரி. அவர் ஆங்கிலம், அப்பா தமிழ், நடுவில் நான்.

"இப்ப அங்கை ஆர் பொறுப்பு எண்டு கேள்."
புதிய தலைமைப் பயிற்றுநர் நாளை வருகிறாராம். அவரிடம் டேல் சஜியைப் பற்றிக் கதைப்பாராம். இடம் இருக்கிறதாம்.
"அப்ப எழுத்திலை தரச் சொல்லு பிள்ளை."
கையெழுத்து வைக்கிற தாளைப் புதனுக்கு முதல் அனுப்ப முடியாது, விதி அப்படி என்றார்.

இதை மொழிபெயர்த்ததும் அப்பா டேலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினொரு வருடம் அகதி விண்ணப்பத்தோடு இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களில் காத்திருந்தவர். "சரி, நன்றி எண்டு சொல்லு" என்றார்.

போனை வைத்த பிறகு சஜியிடம் சொன்னேன்: அந்த மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் இன்றே ஒரு வரி எழுது. நிலைமை இப்படி, இடம் இருக்கிறதா என்று.

"ஏலாது அக்கா. நான் மற்ற ஆக்களோடை கதைக்கிறன் எண்டு இவையளுக்குத் தெரிஞ்சா, அதைச் சாட்டா வைச்சே கழட்டி விட்டிடுவினம்."

எனக்கு இந்த உலகம் தெரியாது. விட்டுவிட்டேன்.

செவ்வாய், டிசம்பர் 2

ஒன்றும் இல்லை.

சஜி டேலுக்கு மூன்று மெசேஜ். பார்த்திருக்கிறார், பதில் இல்லை.

கோட்டு எடுத்தாயிற்று. தொங்குரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இரண்டு பெட்டைகள்:
"அவன் இன்னும் எழுதவில்லையா?"
"இல்லை."
"அப்போ அதுதான் பதில்."
யாரோ ஒரு பொடியனைப் பற்றி. இறங்கும் மட்டும் காதில் அதுவே.

அம்மா நாளைக்குப் பற்றிஸ் பலகாரம் சுட இறைச்சி வெட்டுகிறா. வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது?

புதன், டிசம்பர் 3

வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

சஜியின் விளையாட்டுக் கழகத்துக் கட்டடம். ஹோல்கர் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார். மேசையில் இரண்டு தொப்பிகள், இரண்டு கல்லூரிகளினது. ஒன்று சஜிக்கு, மற்றது யோனாஸுக்கு. யோனாஸ் பந்தோடு ஓடுபவன், சஜி அவனுக்கு வழி திறந்து விடுபவன். பதினொரு வயதிலிருந்து இப்படித்தான். கேக்கில் இரண்டு பேர் பெயரும். அணிப் பொடியன்கள், பெற்றோர், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர். அப்பா கோட்டோடு முதல் வரிசை, சட்டைப் பையில் பேனை.

அங்கே விடியும்போதுதான் தாள்கள் மின்னஞ்சலில் வரும். இங்கே மத்தியானம். யோனாஸின் போன் உடனே அடித்தது. தாய் தகப்பனோடு இருந்து கையெழுத்து வைத்தான். எல்லோரும் கை தட்டினோம். சஜிதான் அதிக நேரம் தட்டினான்.

பிறகு சஜி தன் போனை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அந்தப் போனைப் பார்த்தோம். பத்திரிகைக்காரர், "இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம்?" ஹோல்கர், "கொஞ்சம் பொறுங்கள்." பொடியன்கள் பகிடி விட்டார்கள். பிறகு பகிடி நின்றது. யோனாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டான்.

அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். சஜி எழும்பி உடுப்பு மாற்றும் அறைக்குள் போனான். நான் பின்னால், அப்பா என் பின்னால். ஈரக் காலணி மணம். சஜி போனை ஸ்பீக்கரில் போட்டான்.

இளம் குரல். டேல் இல்லை. புதிய தலைமைப் பயிற்றுநரின் ஆள் என்றான். சஜியின் பெயரைப் பிழையாகச் சொன்னான். புதியவர் அணியை வேறு மாதிரி அமைக்கிறாராம். முன்வரிசைக்கு, வேறு கல்லூரியில் ஏற்கெனவே இரண்டு வருடம் ஆடிய ஒருவரை எடுக்கிறார்களாம்.

"என்ன பிள்ளை சொல்லுறான்?"
"வேறை ஆளை எடுக்கினமாம் அப்பா."
"சரி, எங்கட தாளை எப்ப அனுப்புவினம் எண்டு கேள்."
"அனுப்ப மாட்டினம்."
"பின்னேரமோ?"
"அப்பா, அனுப்பவே மாட்டினம்."

சஜி போனை என் பக்கம் நீட்டினான். நான் ஆங்கிலத்தில் கேட்டேன்: திங்கட்கிழமையே உங்களுக்கு இது தெரியுமா? இவன் வேறு இடம் தேடியிருப்பானே. அவன், "என்னையே நேற்றுத்தான் வேலைக்கு எடுத்தார்கள், மேடம்." மிகவும் வருந்துவதாகச் சொன்னான். வைத்துவிட்டான்.

திரும்பி மண்டபத்துக்குள் வரும்போது அம்மா தட்டோடு பற்றிஸ் கொடுத்துக்கொண்டிருந்தா. யோனாஸின் தாய் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறா, இரண்டு பேரும் சிரிப்பு. நான் அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கினேன். அவ்வளவில் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

சஜி நேரே யோனாஸிடம் போய் அவனோடு நின்று படம் எடுத்தான். யோனாஸ் அழுதான். இவன் இல்லை.

காரில் வரும்போது அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடி:
"நீ அவன் சொன்னதைச் சரியாத்தான் விளங்கினனியோ?"
"ஓம் அப்பா."
"கடைசியிலை நீ என்னத்தையோ கேட்டனி. குரலை உயர்த்தி. அதோடைதான் அவன் வைச்சவன்."

அம்மா, "அவளை விடுங்கோ." சஜி ஜன்னலுக்கு வெளியில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம்.

வியாழன், டிசம்பர் 4

பணி மாற்றிக்கொண்டேன். பின்னேரம் சஜியும் நானும் மேசையில், போன் நடுவில்.

முதல் கல்லூரி: எடுத்தவர் நல்ல மனிதர், இவனை ஞாபகம் இருந்தது. நேற்றே எல்லோரும் கையெழுத்து வைத்து முடிந்துவிட்டதாம். ஒரு இடத்தைக் கடைசிவரை வைத்திருந்தார்களாம். "திங்களன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்" என்றார்.

சஜி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனை.

இரண்டாவது: பதில் இல்லை. பிறகு ஒரு மெயில். பெப்ரவரியில் இடம் மிஞ்சினால் பார்ப்பார்களாம். சொந்தச் செலவில் வந்து அணியில் சேர முயன்று பார்க்கலாமாம். அதை அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. சஜியும் கேட்கவில்லை.

டேலுக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் சஜி அந்த நம்பரைத் தடுத்துவிட்டான்.

அவனுக்குத் தெரியாமல் கருவித் தொழிற்சாலைக்கும் ஒரு போன். அந்த அவுஸ்பில்டுங் இடம்? பெண் பணிவாகச் சொன்னா: இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

வெள்ளி, டிசம்பர் 5

முன்தவணையின் கடைசி நாள். ஒன்றும் வரவில்லை.

சஜி பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடம் முடிக்கிற அபிட்டூர்ப் பரீட்சை வசந்தத்தில், கணக்கில் பின்தங்கியிருக்கிறான். முகாம், பயணம், பயிற்சி என்று விட்ட பாடங்கள். அமெரிக்காவில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

உள்ளூர்ப் பத்திரிகையில் யோனாஸின் படம். தோளில் ஒரு பெரிய கை மட்டும் தெரிகிறது. மீதியை வெட்டிவிட்டார்கள்.

அப்பா என்னோடு இரண்டு நாளாகத் தேவைக்கு மட்டும். கார்த் திறப்பு எங்கே. பால் முடிந்துவிட்டது.

ஞாயிறு, டிசம்பர் 7

பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் ஒரு அக்கா, "தம்பி எப்ப அமெரிக்கா பயணம்?"
அம்மா, "இன்னும் நாள் சொல்லேல்லை."
எனக்குத் தெரிய அம்மா பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

சஜி வரவில்லை. கட்டிலில். முழங்கால் நோகிறதாம். உடம்புப் பாரம். குறைக்க வேண்டும் என்றேன், நேர்ஸாக. "ஆருக்கு?" என்றான்.

செவ்வாய், டிசம்பர் 9

மழை விட்டு மூடுபனி. காலைப் பணி. பத்தாம் அறை அம்மா வீட்டுக்குப் போய்விட்டா, கட்டில் காலி.

பின்னேரம் என் போனுக்கு அமெரிக்க நம்பர். டேல். சஜி எடுக்கமாட்டான் என்று நினைத்து என்னுடையதுக்கு எடுத்திருக்கிறார். திட்ட நினைத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: போன செவ்வாயன்று தன்னையும் நீக்கிவிட்டார்கள், கல்லூரிப் போனையும் வாங்கிவிட்டார்கள், இது மனைவியுடையது. மூன்று பிள்ளைகள். வேலை தேடுகிறார். சஜி எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

போனைக் கொண்டுபோய், தன் அறையில் கட்டிலில் இருந்த சஜியிடம் நீட்டினேன். வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கினான்.

அவர் நெடுநேரம் கதைத்தார். சஜி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, ஆங்கிலத்தில், சின்னக் குரலில்: உண்மையாகவே நான் உங்கள் அணிக்குப் போதுமானவனாக இருந்தேனா, அல்லது சும்மா சொன்னீர்களா?

பதில் எனக்குக் கேட்கவில்லை. சஜி நன்றி சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தான். அறை வாசலில் அப்பா வந்து நின்றார், வேலை உடுப்போடு.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார், என்னிடம் இல்லை, அவனிடம்.

சஜி தமிழில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான்.

"நான் நல்ல விளையாட்டுக்காரனாம் அப்பா. முகாமிலை வந்த எல்லாரிலையும் என்னைத்தான் முதல் எழுதினவராம்." பிறகு, "இல்லை எண்டு சொல்லியிருந்தா லேசாயிருந்திருக்கும்."

அப்பா உள்ளே வந்து கட்டிலின் மற்ற ஓரத்தில் இருந்தார். சப்பாத்துக் கழற்றவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.