முன் சீட்டில் மழை

அம்மணி,

இன்று காலை சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். பாதியில் பார்த்தால் என் கை மலை கட்டிக்கொண்டிருந்தது. மேற்கே குந்தா, நடுவில் தொட்டபெட்டா, கிழக்கே நம் குன்னூர். உன் அத்தை பார்த்தாள்; அடுப்பை அணைத்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷும் பூகோளமும் எடுத்தவள் நீ. கோடை விடுமுறை முழுக்க எங்கள் சமையலறையில்தான் பாடத் திட்டம் போட்டாய். மாவில் மலை கட்டி, மேற்கே நின்று டீ வடிகட்டி வழியாகத் தண்ணீர் விடுவாய். குந்தா நனையும், குன்னூர் காய்ந்து கிடக்கும். "ஆனி, ஆடி மழையை அந்தச் சரிவே குடிச்சிருதுங்க மாமா. நம்ம பக்கம் நனைய ஐப்பசி வரோணும்." பிறகு அதே மாவில் சப்பாத்தி. "தொட்டபெட்டா இன்னும் வேகலீங்க அத்தை" என்று தட்டை நீட்டுவாய்.

நான் எட்டாவதோடு நின்றவன் என்பார்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை என்பதுதான் உண்மை. நீ ஒருத்திதான் அதை ஒப்புக்கொண்டாய். "எட்டு முடிச்சவங்களுக்கு அடுத்தது ஒன்பதுதானுங்களே. உங்களுக்குப் புரிஞ்சா என் பிள்ளைகளுக்கும் புரியும்." ஒவ்வொரு பாடத்தையும் முதலில் எனக்குத்தான் நடத்தினாய்.

பதிலுக்கு நான் என் ஜீப் கதையைக் கொடுத்தேன். குந்தா மின்சார வேலைக்கு நான் ஜீப் ஓட்டிய காலம். மேற்கே போகும்போது ஒரு வளைவில் முன் சீட்டில் மழை, பின் சீட்டில் வெயில். முன்னால் இருந்த இஞ்சினியர் குடையை விரிக்கிறார், பின்னால் இருந்தவர் துண்டைக் காயப்போடுகிறார். அடுத்த வாரம் சொன்னபோது முன்னால் கலெக்டர் இருந்தார். அதற்கடுத்த வாரம் டெல்லி மந்திரி.

"கலெக்டரை எங்கீங்க மாமா எறக்கி விட்டீங்க?" என்று சிரித்தாய். பிறகு சொன்னாய்: "ஆளை யாரை வேணா ஏத்திக்குங்க. மழை வர்ற பக்கத்தை மட்டும் மாத்தீராதீங்க."

அந்தக் கதையையே கடைசிப் பாடமாக வைத்தாய். பிள்ளைகள் இங்கிலீஷில் கேட்க வேண்டும், நான் தமிழில் சொல்ல வேண்டும், அவர்கள் அதை இங்கிலீஷில் எழுத வேண்டும். அதற்காக ஒரு சட்டைகூடத் தைத்துக்கொண்டேன்.

வைகாசியில் காய்ச்சல் என்று படுத்தாய். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் திரும்பக் கொண்டுவந்த வண்டியை நானே ஓட்டினேன். பின்னால் வெள்ளைத் துணியில் சுற்றிய உன்னோடு உன் அம்மா. முன் சீட்டு காலி. வாய் திறக்காமல் நான் ஏறிய மலை அது ஒன்றுதான், அம்மணி.

ஆடியில் உங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்தார். "டீச்சர் போட்டு வெச்ச மழைப் பாடமெல்லாம் நடத்தியாச்சுங்க. கடைசிப் பாடம் நிக்குது. நீங்க வந்தாத்தான் முடியும்."

"என்னால ஆகாதுங்க" என்றேன். அவர் போன பிறகு உன் அத்தை அந்தப் புதுச் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "அவ போட்ட பாடத்தை அந்தரத்துல உடப்போறீங்களா?" என்றாள்.

போனேன். உன் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். வளைவு வந்தது, மழை வந்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று இங்கிலீஷில் கேட்டாள். நீ என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழக்கிய கேள்வி. அது ஒன்றுதான் எனக்கு இங்கிலீஷிலேயே புரியும்.

கலெக்டர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உங்க டீச்சர்தான் கண்ணு. குடையை விரிக்கச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. நனைஞ்சுட்டே சிரிச்சுட்டு வந்தா."

கேட்ட பெண் உட்கார்ந்தாள். அப்புறம் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதினார்கள்.

இப்போது யாருக்குச் சொன்னாலும் முன் சீட்டில் நீதான். கலெக்டர் நடு ரோட்டில் நின்று கைகாட்டினாலும் ஜீப் நிற்பதில்லை. மழை மட்டும் மேற்கிலிருந்துதான் வருகிறது, அம்மணி. அதை நான் மாற்றவில்லை.